தனம் அழிக்கவிடாத பதிவு

போன புதன்கிழமை காலை நோட்டோடு குன்னம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "தனம் அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க பெரியம்மா. நெஞ்சு வலியாம்" என்றார். நான் பாதியில் இறங்கவில்லை. குன்னம் வரை போய், சாத்திக் கிடந்த அவள் கடைவாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனேன்.

இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தனத்தின் முகம் தெரியாது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அஞ்சாவதோடு படிப்பு நின்ற நான் நோட்டில் எழுதுவதைப் புதன்தோறும் கம்ப்யூட்டரில் அடித்து இந்த வலைப்பதிவில் ஏற்றியவள் அவள்தான். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போன அன்று, என் ஓரகத்தி ராசாத்தியைத் திட்டி அரை மணி நேரம் பேசினேன். தனம் மெஷினை நிறுத்திவிட்டு, "எனக்கு மட்டும் சொல்லி என்ன ஆவப்போவுது? எழுதிக் கொண்டாங்க, ஊரே படிக்கட்டும்" என்றாள். பழி தீர்க்கத்தான் எழுத வந்தேன். மறைப்பானேன்.

ஆனால் ராசாத்தியைப் பற்றி அவள் உடனே எழுதவிடவில்லை. முதலில் வேறு ஏதாவது எழுதிக் கை பழகட்டும் என்றாள். பருத்தி எடுத்ததை எழுதினேன். அரியலூரில் தங்கச்சி மகளுக்கு எப்பவோ நடந்த வளைகாப்பை எழுதினேன். ஒரு வாரம் எழுத ஒன்றுமில்லை என்று வெறுங்கையோடு போய் நின்றேன். "பஸ்ல தானே வந்தீங்க? பஸ்ஸ எழுதுங்க" என்று பேனாவை நீட்டினாள். அன்றிலிருந்து பஸ்ஸில் நான் தூங்கியதில்லை.

கடைசியில், வெங்காயத்தை அடைத்துச் சேர்த்து வைக்கும் பட்டறையின் கதையை எழுதினேன். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மழையில் நனைந்த சின்ன வெங்காயத்தைக் காயவிடாமல் ராசாத்தி பட்டறையில் அடைத்ததால் அத்தனையும் அழுகிப்போனது, நான் அப்போது அந்த வளைகாப்புக்காக அரியலூரில் இருந்தேன் என்று எழுதியிருந்தேன். அது பதிவில் ஏறிய மறுவாரம் தனம் கேட்டாள்:

"பட்டறை போட்டது வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க. வளைகாப்புப் பதிவுல, வெள்ளிக்கிழமை காலையிலதான் அரியலூர் பஸ் ஏறினதா இருக்கு. அப்ப வியாழக்கிழமை நீங்க வூட்லதானே இருந்தீங்க?"

வளைகாப்புக்குப் போகிற அவசரத்தில் அடைக்கச் சொன்னதே நான்தான். இன்னும் ரெண்டு நாள் காயட்டும் என்று ராசாத்தி தடுத்ததும் நினைவுக்கு வந்தது. அந்தப் பதிவை அழித்துவிடு என்றேன்.

"அழிக்க மாட்டேன். படிச்சவங்க படிச்சிட்டாங்க. நெசத்த அதுக்கு அடியில எழுதுங்க" என்றாள்.

அடுத்த புதன் காய்ச்சல் என்று கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அவளோ, 'இந்த வாரம் பெரியம்மா எழுதவில்லை' என்று ஒற்றை வரியைப் பதிவில் போட்டுவிட்டாள். என்னாயிற்று என்று ஏழெட்டுப் பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் ரெண்டு வாரம் அவளோடு பேசவில்லை. நோட்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அதில்தான் உண்மையை எழுதியிருந்தேன். அவளும் ஒன்றும் கேட்காமல், பட்டறைப் பதிவின் அடியில் அதைச் சேர்த்திருந்தாள்.

பாடாலூரில் இருக்கும் ராசாத்தியிடம் அவள் மகன் அதைப் படித்துச் சொன்னதும், அவள் ஒரு பை வெங்காயத்தோடு வந்து என் வாசலில் நின்றாள். "பதினெட்டு வருசம் கழிச்சு கம்ப்யூட்டர்லதான் சொல்லுவியாக்கா? நேர்ல சொன்னா வாய் வெந்துருமா?" என்றாள். வெங்காயம் நன்றாகக் காய்ந்திருந்தது. அன்றைக்குக் குழம்பு நான்தான் வைத்தேன்.

தனத்தின் மகள் இன்று கடையைத் திறந்து, நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். ஒற்றை விரலால் நானே அடிக்கிறேன். பக்கத்தில் ராசாத்தி உட்கார்ந்து, அன்று மழை பெய்தது செவ்வாயா புதனா என்று வம்பு பண்ணுகிறாள். தனத்திடமிருந்து என்னிடம் தங்கியது ரெண்டுதான். ஒன்று, புதன்கிழமை. இன்னொன்று, தப்பை அழிக்காமல் அடியில் எழுதுவது.

அதனால் அடியில் ஒரு வரி: அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் இல்லை, தனம். எழுதப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.