எழுதிக் கொடுத்த ஜெபம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் வருடக்கணக்காகக் கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? ஆனால் எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் கிள்ளானில் எங்கள் கோயிலின் ஆண்டு விழாவில் நான் செய்ததற்குக் காரணம் வாய் அல்ல, கோபம். அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

கோயிலுக்குப் பின்னால், பந்திங் போகும் சாலையை ஒட்டி ஒரு கம்பம், அதாவது சின்னக் குடியிருப்பு, இருந்தது. இருபது வீடு இருக்கும். அரசாங்கக் குழாய் கிடையாது. எல்லோருக்கும் ஒரே கிணறு. எங்கள் கோயில்பிள்ளையும் அங்கேதான் குடியிருந்தார். மணி அடிப்பது, பெருக்குவது, நாற்காலி போடுவது எல்லாம் அவர்தான். அது சபை கொடுத்த வீடு. பக்கத்தில் ஒரு சாயத் தொழிற்சாலை வந்தது. அதன் கழிவு கிணற்றை ஒட்டிய சாக்கடையில் ஓடியது. ஆறே மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தது. கோயில்பிள்ளையின் மகளுக்கு நாலு வயது. கால் இரண்டிலும் புண். ஞாயிறு பள்ளியில் மற்ற பிள்ளைகள் கைதட்டிப் பாடும்போது அது மட்டும் சொறிந்துகொண்டிருக்கும்.

மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை மனு எழுதினேன். பதில் இல்லை. சபையின் பெயரில் போனாலாவது மதிப்பார்கள் என்று கமிட்டிச் செயலாளரைக் கோயிலிலேயே போய்ப் பார்த்தேன்.

"டீச்சர், இது பாலிடிக்ஸ் லா. இந்த நாட்டுல நம்மளே கொஞ்சம் பேரு. நம்ம வேலை ஜெபம் பண்றது. போலீஸ் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் பயம் பொய்யில்லை. வாயைத் திறந்தவர்களைப் பிடித்து உள்ளே வைத்த காலம் அது. ஆனால் அவர் பயத்துக்கு இன்னொரு காரணமும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கோயிலின் எட்டு மின்விசிறிகளும் அந்தத் தொழிற்சாலை முதலாளியின் உபயம். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர். கரண்ட் போனால்தான் படிக்க முடியும்.

நம் வேலை ஜெபம் பண்ணுவதுதானே, பண்ணிவிடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆண்டு விழாவின் பொது ஜெபம் அந்த முறை மாதர் சங்கத்துக்கு வந்தது. நான் பண்ணுகிறேன் என்றேன். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. புதிய மண்டபத்தைத் திறக்க எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. எல்லோரும் அவரை வைபி என்பார்கள். முதலாளியும் வருவதாக இருந்தார். அதனால் ஜெபத்தை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார் செயலாளர். கொடுத்தேன். தேசத்துக்காக, ஆளுகிறவர்களுக்காக, வியாதியஸ்தருக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. சிவப்புப் பேனாவால் டிக் போட்டுத் திருப்பித் தந்தார். எனக்கே டிக்!

எங்கள் சபையில் ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். கண்ணைத் திறக்க மாட்டார்கள். குழந்தை அழுதால் வெளியே தூக்கிப் போவார்கள், ஜெபம் நிற்காது. ஆமென் வந்தால்தான் முடிவு.

எழுதிக் கொடுத்ததை எல்லாம் ஜெபித்தேன். ஒரு வரி விடவில்லை. பிறகு முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆண்டவரே, நீர் உண்டாக்கின தண்ணீரை எங்கள் சுவருக்குப் பின்னால் கெடுத்துவிட்டார்கள். சாயக் கழிவு கிணற்றில் கலக்கிறது. அதில் குளித்து ஒரு சின்னப் பிள்ளையின் கால்கள் புண்ணாகிக் கிடக்கின்றன. மனு கொடுத்தோம், அதிகாரிகள் படிக்கவில்லை. நாங்களும் மின்விசிறியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம். எங்களை மன்னியும்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. செயலாளர் இருமினார். மறுபடியும் இருமினார். நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

"இங்கே வந்திருக்கிற வைபி இந்த வருடமே அந்தக் கம்பத்துக்குக் குழாய் போட்டுத் தரவும், கழிவைத் தடுத்து நிறுத்தவும் அவருக்குத் தைரியம் தாரும்…"

"ஆமென்!" என்று கத்தினார் செயலாளர்.

என்னை நிறுத்தத்தான் அப்படிக் கத்தினார். மனுஷன் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஆமென் காதில் விழுந்தால் எங்கள் ஜனம் யோசிக்காது. கோயில் நிறைய இருந்தவர்கள் கண்ணை மூடியபடியே "ஆமென்" என்று முழங்கினார்கள். கோயிலுக்குப் புதிதான வைபியும் மரியாதைக்காகச் சேர்ந்து சொன்னார். அவர் கட்டைக் குரல் தனியாகக் கேட்டது. முதலாளி சொன்னாரா என்று தெரியாது.

அடுத்த புதன்கிழமை வைபி அனுப்பிய தண்ணி லோரி கம்பத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை குழாய்க்கு அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். கழிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. முதலாளி கொதித்துப்போயிருக்கிறாராம். அந்த ஜெபத்தை வாபஸ் வாங்குவதாக நான் எழுதித் தர வேண்டுமாம். காகிதமும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன. போதகர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குக் குடுத்த மனுவா இருந்தா வாபஸ் வாங்கலாம். நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளையைப் பார்த்தார். "கம்பத்துக் கதையெல்லாம் டீச்சர் காதுல போட்டது யாருன்னு எங்களுக்கும் தெரியும். சபை வீட்டுல இருக்கறவங்க ஞாபகம் வச்சிருக்கணும் லா."

முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. எனக்குச் சம்பளமும் வீடும் இருந்தன. அவருக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், பேனாவை எடுத்துவிட்டேன்.

கோயில்பிள்ளை கமிட்டியில் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், எழுதாதீங்க. ஐயா, அந்த ஆமென் நானும்தான் சொன்னேன். என் பொண்ணு காலப் பாத்துட்டுத் தெரிஞ்சேதான் சொன்னேன். வீடு வேணும்னா எடுத்துக்குங்க. சொன்ன ஆமெனைத் திருப்பித் தர முடியாது."

நான் பேனாவைச் செயலாளர் பக்கம் தள்ளிவிட்டேன்.