டோன்யா ஒடிலியாவின் பெரிய பானை

ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் ஒடிலியா யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. அந்த ஊரில் மற்றவர்கள்தான் அவளைப் பார்த்து வயிறெரிந்தார்கள். அதை அவளும் நன்றாகவே அனுபவித்து வந்தாள்.

நெப்ராஸ்காவில், ஒரு மாட்டிறைச்சி ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. பாதிப் பேர் குவாத்தமாலாக்காரர்கள். ஒடிலியா வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஆலையில் இரண்டாம் ஷிப்டில் நின்று இறைச்சியிலிருந்து கொழுப்பைச் சீவி எடுக்கும் வேலை. இரண்டு மணிக்கட்டும் தேய்ந்து போயிருந்தன. ஆனால் ஊரில் அவளுக்கு இருந்த பெயர் கத்தியால் வந்ததல்ல, கரண்டியால் வந்தது. ஜனவரி பதினைந்தாம் தேதி, எஸ்கிபுலாஸ் ஆண்டவர் திருநாளன்று, சர்ச் கூடத்தில் முந்நூறு பேருக்குப் பெபியான் வைப்பது அவள்தான். மிளகாய், தக்காளி, எள், பூசணி விதை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுட்டு, வறுத்து, அரைத்து, கோழியைப் போட்டுக் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பு. அதற்கான பெரிய அலுமினியப் பானை வருடம் முழுவதும் அவள் வீட்டுக் கராஜில்தான் இருக்கும். தன்னை எல்லாரும் மரியாதையாக "டோன்யா" என்று கூப்பிடுவது அந்தப் பானைக்காகத்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். எது எவ்வளவு என்று யாராவது கேட்டால், "கைக்குத் தெரியும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

போன திருநாளில் ஒரு குழந்தைக்கு எள் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு புது விதி வந்தது. கூடத்தில் சமைப்பவர்கள் என்னென்ன போடுகிறார்கள், எவ்வளவு போடுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். திருநாள் குழுத் தலைவர் டோன் எலிசேயோ வீட்டுக்கே வந்து சொன்னார்.

"பட்டியல் எழுதத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த வருஷம் பானை, டோன்யா. என் கையில ஒண்ணும் இல்ல."

"பட்டியலையா திங்கப் போறீங்க?" என்றாள் ஒடிலியா. ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை, நூலகத்தின் கீழ்த்தளத்தில் காலை பத்து மணிக்கு நடக்கும் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அவளையும் சேர்த்துப் பதினான்கு பேர். பாடம் நடத்தியவர் மிஸஸ் ஹோல்ம் என்ற ஊர்க்காரப் பெண்மணி. எல்லாரும் அவரைச் "சேன்யோ" என்பார்கள். குவாத்தமாலாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவது.

அங்கேதான் நெரெய்தா இருந்தாள். இருபத்தெட்டு வயது. ஊருக்கு வந்து இரண்டே வருடம். ஆலையில் ஒடிலியாவுக்கு இரண்டு ஆள் தள்ளி நிற்பவள். குவாத்தமாலாவின் கடற்கரைப் பக்கத்துக்காரி. மீனும் தேங்காய்ப்பாலுமாக வளர்ந்தவள். ஒடிலியாவின் மலைப் பக்கத்தில் அதையெல்லாம் ஒரு சமையல் என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிஸஸ் ஹோல்ம் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டார். எண்ணக்கூடிய பொருள்கள் இந்தப் பக்கம். அவற்றுக்கு 'ஹவ் மெனி' என்று கேட்க வேண்டும். எண்ண முடியாதவை அந்தப் பக்கம். அவற்றுக்கு 'ஹவ் மச்'. தக்காளி, மிளகாய், வெங்காயம் இந்தப் பக்கம் வந்தன. உப்பு, எண்ணெய், தண்ணீர் அந்தப் பக்கம் போயின. அதுவரை ஒடிலியாவுக்குச் சரியாகத்தான் பட்டது. பிறகு அவர் பீன்ஸை இந்தப் பக்கமும் அரிசியை அந்தப் பக்கமும் எழுதினார்.

"இது என்ன நியாயம்?" ஒடிலியா ஸ்பானிஷிலேயே கேட்டாள். "ரெண்டும் ஒரே தட்டுலதான் கிடக்குது. பீன்ஸை மட்டும் எண்ணலாமா? யாரு உக்காந்து எண்ணுறது?"

வகுப்பு சிரித்தது. தனக்காகச் சிரிக்கிறார்கள் என்று ஒடிலியாவுக்கும் பெருமையாக இருந்தது. உடனே நெரெய்தா எழுந்து, "டோன்யா, எண்ணுறோமா இல்லையாங்கறது இல்ல. அவங்க அப்படிப் பேசிப் பழகிட்டாங்க. நாற்காலிய எண்ணுவாங்க, கட்டில எண்ணுவாங்க, எல்லாத்தையும் சேத்து வீட்டுச் சாமான்னு சொன்னா எண்ண மாட்டாங்க" என்றாள். அதையே ஆங்கிலத்தில் சேன்யோவுக்கும் சொன்னாள். மிஸஸ் ஹோல்மின் முகம் மலர்ந்துவிட்டது. நெரெய்தாவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டாள் ஒடிலியா.

"அவதான் என் வலது கைங்கறாங்க."

ஒடிலியாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அது என்னவென்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. காலையில் குடித்த காப்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள்.

காப்பி இல்லை என்பது நாலு நாளில் தெரிந்துவிட்டது. ஆலையில் சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் இப்போது எல்லாரும் நெரெய்தாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். டோன் எலிசேயோகூட நோட்டீஸ் ஒட்ட அவளைத்தான் கூப்பிட்டார். ஒடிலியாவின் கணவன் அன்செல்மோ பேசாமல் இருந்திருக்கலாம்.

"அந்தக் கடற்கரைப் பொண்ணு கெட்டிக்காரி. பட்டியல் எழுதுறதுன்னா அவளுக்கு அஞ்சு நிமிஷ வேலை. பானையும் இந்த வருஷம் அவகிட்டதான் போகும்னு பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"சும்மா. முடி வெட்டுற இடத்துல."

"அங்க முடிய மட்டும் வெட்டச் சொல்லு."

அன்று அவள் கராஜுக்குப் போய்ப் பானையைப் பார்த்துவிட்டு வந்தாள். அழுக்கே இல்லாத பானையைத் தேய்த்தும் வைத்தாள். நெரெய்தாவின் மேல் அவளுக்கு ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்தப் பெண் திமிராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

டிசம்பர் முதல் வாரத்தில் மிஸஸ் ஹோல்ம் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து உட்காரவைத்து, நீளமாக ஏதோ விளக்கினார். ஒடிலியாவுக்குப் புரிந்தது மூன்றே வார்த்தைகள்: சமையல், அட்டை, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் விருந்து என்பது ஏற்கெனவே தெரியும். டோன் எலிசேயோவும் வருவார் என்பதும் தெரியும். மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், ஜோடியாக வந்து உட்கார்ந்திருப்பவள் நெரெய்தா. அவளிடம் கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். புரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தாள்.

நெரெய்தா நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். "சொல்லுங்க டோன்யா. உங்க பெபியானுக்கு எத்தனை மிளகாய்?"

ஒடிலியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தாள். பானையைப் பிடுங்க வருகிறவள் குழம்பையும் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள். டோன் எலிசேயோவின் முன்னால் பெபியான் வைத்துக் காட்டப் போகிறாள். வைக்கட்டும், நன்றாக வைக்கட்டும்.

மிளகாய்க் கணக்கைச் சரியாகச் சொன்னாள். தக்காளி, எள், பட்டை எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"பூசணி விதை எவ்வளவு?"

"ரெண்டு கப்."

"வறுக்கணுமா?"

பெபியானின் உயிரே அந்த வறுவலில்தான் இருக்கிறது. விதை பொரிந்து, பழுப்பேறி, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கருகிவிடும் என்கிற இடத்தில் இறக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றாள் ஒடிலியா. "பச்சையாவே அரைச்சுப் போடு. அதுதான் ரகசியம்."

நெரெய்தாவின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே எழுதிக்கொண்டாள். "ரொம்ப நன்றி டோன்யா," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒடிலியா தன் பெபியானை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன்னால் அவள் அவ்வளவு அக்கறையாக வைத்ததில்லை. பக்கத்தில் நெரெய்தாவின் பச்சை வாடை அடிக்கும் குழம்பு இருக்கும், டோன் எலிசேயோ இரண்டையும் ருசி பார்ப்பார், பிறகு அந்தப் பெண்ணே இனி பானைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

நெரெய்தா கொண்டுவந்திருந்தது தேங்காய்ப்பால் சோறு.

மேஜையில் இன்னொரு பெபியானும் இருந்தது. அதன் முன்னால் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை. அதில் இருந்த பெயரை ஒடிலியாவால் வாசிக்க முடிந்தது. அவளுடைய பெயர்தான். மிஸஸ் ஹோல்ம் சிரித்துக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல, நெரெய்தா ஸ்பானிஷில் சொன்னாள்.

"சேன்யோ சொன்னாங்கல்ல, ஜோடியில ஒருத்தர் சொல்ற சமையலை மத்தவர் இங்கிலீஷ்ல எழுதணும்னு. உங்க அட்டை சேன்யோவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதைப் பாத்தே நேத்து அவங்க வீட்டுல சமைச்சிருக்காங்க, கப் வச்சு அளந்து. இன்னொரு பிரதிய நான் டோன் எலிசேயோகிட்ட குடுத்துட்டேன். சுவருல ஒட்டுறதுக்கு. பானை உங்ககிட்டயே இருக்கட்டும் டோன்யா. அதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும், எனக்கு எதுக்கு?"

அதற்குள் டோன் எலிசேயோ சேன்யோவின் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டார். அவர் மரியாதை தெரிந்தவர். விழுங்கிவிட்டார். பிறகு ஒடிலியாவின் குழம்பை ருசித்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்தார்.

"ஒரே சமையல்னு போட்டிருக்கு. ஆனா இது வேற, அது வேற. இதுல விதை பச்சையா இருக்கு. யாரு தப்பு பண்ணினது?"

மிஸஸ் ஹோல்ம் கலங்கிப்போனார். தான்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எல்லாரும் நெரெய்தாவைப் பார்த்தார்கள். நெரெய்தா தன் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். அதில் ஸ்பானிஷில் 'பச்சை' என்றுதான் எழுதியிருக்கும். எழுதும்போது ஒடிலியா பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். நெரெய்தா அதைப் படித்தாள். தலையை நிமிர்த்தி ஒடிலியாவைப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டாள்.

"என் தப்புதான். டோன்யா வறுக்கத்தான் சொன்னாங்க. நான் இங்கிலீஷ்ல மாத்தி எழுதிட்டேன்."

ஒடிலியாவுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. கெட்டிக்காரி தப்பாக எழுதினாள் என்று பதினான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. பானை இனி எங்கும் போகாது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அப்போதுதான் பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "எவ்வளவு நல்ல மனசு பாரு அந்தப் பொண்ணுக்கு. உடனே ஒத்துக்கிட்டா." மிஸஸ் ஹோல்ம் நெரெய்தாவைக் கட்டிக்கொண்டார். டோன் எலிசேயோகூட, "பரவால்ல மகளே, யாருக்குத்தான் தப்பு வராது" என்று அவள் தலையைத் தடவினார்.

ஒடிலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இங்கிலீஷிலும் அவள்தான். கெட்டிக்காரத்தனத்திலும் அவள்தான். இப்போது நல்ல மனசிலும் அவளேவா? பொய் சொன்னது நான், பாராட்டு அவளுக்கா? எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க முடியாது.

"அவ பொய் சொல்றா," என்றாள் ஒடிலியா. "அவ சரியாத்தான் எழுதினா. பச்சையா போடுன்னு சொன்னது நான். வேணும்னுதான் சொன்னேன். அவ வைக்கப் போறா, கெட்டுப்போகட்டும்னு சொன்னேன். போதுமா? இப்ப அவளத் தடவுறத நிறுத்துங்க."

மிஸஸ் ஹோல்முக்கு யாரோ காதோடு மொழிபெயர்த்தார்கள். அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். டோன் எலிசேயோ தரையைப் பார்த்தார். ஒடிலியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெரெய்தாதான் அருகில் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண் சிவந்திருந்தது. நோட்டைத் திறந்தாள்.

"சரி. அப்ப உண்மையச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் வறுக்கணும்?"

"கைக்குத் தெரியும்."

"உங்க கைக்குத் தெரியும். சேன்யோ கைக்குத் தெரியல. நேத்து பூரா சமைச்சாங்க."

ஒடிலியா மிஸஸ் ஹோல்மைப் பார்த்தாள். யாரும் தொடாத அந்தக் குழம்பைப் பார்த்தாள். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்தது.

"அடி கனமான சட்டி. சின்னத் தீ. விதை வெடிக்கும். வெடிக்கிற சத்தம் நிக்கிற வரைக்கும் கிண்டணும். நின்னதும் இறக்கிடக் கூடாது. புகை வரப்போகுதுன்னு பயம் வரும். அந்தப் பயம் வந்த பிறகும் பத்து எண்ணணும். அப்புறம் இறக்கணும்."

அவள் சொல்லி முடித்துத் திரும்பினால், எழுதிக்கொண்டிருந்தது நெரெய்தா மட்டுமல்ல. வகுப்பே எழுதிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடம் யாருக்கும் சொல்லாததைப் பதின்மூன்று பென்சில்கள் எழுதிக்கொண்டிருந்தன. டோன் எலிசேயோகூட ஒரு காகிதத்துக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.

பானை அந்த வருடமும் அவளிடம்தான் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை, நெரெய்தாவுக்கு ஆசையும் இல்லை. சுவரில் புது அட்டை ஒட்டியிருந்தது, நெரெய்தாவின் கையெழுத்தில். திருநாளில் எல்லாரும் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் "எப்படித்தான் வைக்கிறீங்களோ" என்று வருடா வருடம் கேட்பவர்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் தெரியுமே.

பிப்ரவரியில் நெரெய்தாவின் மகனுக்கு ஞானஸ்நானம். ஒடிலியாவையும் அன்செல்மோவையும் அழைத்திருந்தாள். போகாமல் இருந்தால் ஊர் பேசும் என்று போனாள். அங்கே தட்டில் வைத்தது பெபியான். ஒடிலியா ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்று குற்றம் தேடினாள். விதையில் தேடினாள், மிளகாயில் தேடினாள், கோழியில் தேடினாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னாள்: "உப்பு கம்மி."

"கம்மியா? நான் மூணு தட்டு சாப்பிட்டேன்," என்றான் அன்செல்மோ.

ஒடிலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயல் முழுக்கப் பனி கிடந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது.