மூணாற்றில் மல்லித் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறு வருடம், என் முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து அன்றைக்கே இறந்துபோனது. மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு ஃபிட்டர் வேலை. அம்மா சில நாள் என்னோடு இருந்துவிட்டு, கடலை பறிக்க ஆள் சேர்க்க வேண்டும் என்று சித்தூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு பகல் முழுக்க அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

அவர் பேச்சு குறைவான மனிதர். குழந்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டில் தேயிலைத் தூளுக்குக் குறைவில்லை. பொழுது போகாதபோதெல்லாம் போட்டுக் குடித்தேன். கொஞ்ச நாளில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. காற்றில் கதவு அடித்தால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்த மலையாளி கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்தார். "சாயா நிறுத்தணும். வேற அசுகம் ஒண்ணும் இல்ல" என்றார்.

நிறுத்தினேன். ஆனால் மத்தியானம் சாய்ந்து, மூடுபனி ஜன்னல்வரை வந்துவிடும்போது, கையில் பிடிக்கச் சூடாக ஏதாவது வேண்டியிருந்தது.

ஊரில் மல்லியும் சுக்கும் தட்டிப் போட்டுக் காப்பி வைப்போம். அதிலிருந்து தொடங்கினேன். ஓடைக்கரையில் எலுமிச்சை மணக்கும் புல் வளர்ந்து கிடந்தது. முதல் நாள் அதை அள்ளிப் போட்டதில் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது; கொட்டினேன். சுக்கு கூடினால் நெஞ்சு எரிந்தது. மல்லியைக் கருகாமல் வறுத்து, அடுப்புக்கு மேலே முறத்தில் காயவைத்த துளசியும் ஏலக்காய்த் தோலும் சேர்த்து, புல்லில் ஒரு துண்டு மட்டும் கிள்ளிப் போட்ட அன்றுதான் வாய்க்கு ஒத்துவந்தது. மல்லி வறுபடும்போது கண்ணை எடுக்கக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரம் வேறு நினைப்பு வராது. அதற்காகவே தினமும் புதிதாக வறுத்தேன்.

ஆடி மழையில் ஒரு மத்தியானம், கொழுந்து கிள்ளும் அக்கா ஒருத்தி எங்கள் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினாள். கீழே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள். இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உள்ள வாங்கக்கா. அடுப்புக்கிட்ட உக்காருங்க."

"தரையெல்லாம் சகதியாயிருமே, தங்கச்சி."

"ஆனா ஆவட்டுங்க."

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்தாள். "இது தேயில இல்லியே?"

"மல்லித் தண்ணிங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. அதுக்காவ வெச்சுக்கறது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை போனது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"பிறந்தது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ளைங்க."

"பேரு நெனச்சி வச்சிருந்தியா?"

சொன்னேன். அவள் அந்தப் பேரைத் தானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருதான்" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்தவள், அசதியில் அப்படியே தூங்கிப்போனாள். பாத்திரத்தைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பகலில் அந்த வீட்டுக்குள் இன்னொரு மூச்சு கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

மழை குறைந்ததும் திடுக்கிட்டு எழுந்து, "கங்காணி வைவாரு" என்றபடியே ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "ஏனுங்க, புள்ளைக்கு நான் ஒரு பேரு நெனச்சிருந்தனுங்க." அவர் கை அப்படியே நின்றது. என்ன பேர் என்று கேட்கவில்லை. திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டு, தூறலிலேயே விறகு பிளக்கப் போய்விட்டார். வெகுநேரம் பிளந்தார். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசவேயில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த அக்காவின் குடும்பத்தை எஸ்டேட்டின் வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பனிக்காலத்தில் என் படபடப்பும் நின்றது. ஆனாலும் மத்தியானம் மல்லி வறுப்பதை விடவில்லை. வாசலில் காலடி கேட்டால் போய்க் கதவைத் திறப்பேன். பெரும்பாலும் லயத்து மாடுகள்தான் மேய்ந்துகொண்டு போகும்.