விளிம்பைத் தடவிப் பார்க்கிறவர்

செருப்பைப் படிக்கட்டுக் கதவோரம் விட்டுவிட்டு, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவர் விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒருமுறை. அங்கிருந்து திரும்பவும் ஒருமுறை. எங்கேயோ ஓர் அரிசி அளவு சிமெண்ட் பிசிறு உள்ளங்கையில் தட்டுகிறது. சட்டைப் பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்துத் தேய்க்கிறார். ஊதுகிறார். மறுபடியும் தடவுகிறார். பன்னிரண்டு மாடிக்குக் கீழே வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. அந்தப் பக்கம் அவர் பார்வை போவதே இல்லை.

"என்ன மாமா, சுவருக்கு மசாஜா?" என்று கேட்கிறார், இடுப்பில் பட்டை மாட்டித் தயாராக நிற்கும் மாப்பிள்ளை.

"ஒரு நிமிஷம் மாப்ள."

அந்த ஒரு நிமிஷம் அரைமணி நேரம் ஓடும்.

பெரிய கட்டடங்களின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கிறவர்களுக்கு மேலேயிருந்து கயிறு கட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்றில் பலகை தொங்கும். அதில் உட்கார்ந்து துடைத்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். இன்னொன்று உயிர்க்கயிறு. முதல் கயிறு கைவிட்டால் இது பிடிக்க வேண்டும். இரண்டையும் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டி, விளிம்பில் தடித்த ரப்பர் பட்டையைப் போட்டு, அதன் மேல் வழியாக வெளியே விடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'முடிச்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு முடிச்சண்ணன்.

கயிற்றுக்குப் பக்கத்தில் யாராவது பூட்ஸ் காலோடு வந்தால் அவருக்கு முகமே மாறிவிடும். "கயித்தை மிதிச்சா மண்ணு உள்ள போயிரும்யா. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ளயே கடிச்சிக்கிட்டிருக்கும்" என்பார். கட்டி முடித்ததும் கண்ணை மூடி உதடு அசைய ஒரு ஜெபம். கண்ணைத் திறந்ததும் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார்.

"அண்ணே, இப்பத்தான சாமி கும்பிட்டீங்க. அதுமேல நம்பிக்கை இல்லியா?"

"சாமிமேல இருக்கு. என்மேலதான் இல்ல."

ஆள் இறங்கிவிட்ட பிறகு வேறு யாராக இருந்தாலும் நிழல் பார்த்துச் சாய்வார்கள். இவர் கயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். டீ குடிக்கும்போது கால் கட்டைவிரல் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். "எங்கப்பா கேஸ் அடுப்பை மூணு தரம் மூடுவாரு. நாலாவது தரம் ஒழுங்கா மூடியிருக்கான்னு பாக்கத் திறப்பாரு" என்று மகள் சொல்லிச் சிரிப்பாள். எட்டு மாதத்துக்கு முன் அவள் கட்டிக்கொண்டதும் ஒரு கயிற்று வேலைக்காரரைத்தான். "உலகத்துல தரையில நின்னு வேலை பாக்குற ஆம்பளையே கிடைக்கலியாம்மா உனக்கு?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மாடியில் அந்த அரைமணி நேரத்தோடு இன்னும் பத்து நிமிஷம் கூடிவிட்டது.

பயத்துக்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும். இருபத்தோரு வருஷத்துக்கு முன், அவரே பலகையில் உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தார். கயிறு அறுந்துவிட்டது. அந்தக் காலத்தில் உயிர்க்கயிறு யார் போட்டார்கள்? கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பியது. பதினான்கு மாதம் படுக்கை. இடது கால் இரண்டு விரற்கடை குட்டை.

போன வாரம் ஒரு நாள், மாப்பிள்ளை எட்டாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் கட்டடத் திறப்பு விழா. மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. மாடியில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருப்பார். அது படபடத்தால் பொறுத்துக்கொள்வார். விறைத்து நேராக நின்றால் இறக்கிவிடுவார். அன்றைக்குத் துணி விறைத்து நின்றது. கயிற்றை மூன்று தரம் ஆட்டினார். இறங்கு என்று அர்த்தம். கீழேயிருந்து மாப்பிள்ளை 'மாட்டேன்' என்று பதிலுக்கு ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார்.

"ரெண்டே ரெண்டு வரிசைதான்யா பாக்கி. பேசாம இரு" என்றார் சூப்பர்வைசர்.

அவர் பேசாமல் இருக்கவில்லை. சுவரைக் கட்டிக்கொண்டு, பார்க்கவே பயப்படுகிற அந்தப் பள்ளத்துக்குள் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினார். "மாப்ள! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், இறங்குங்க!"

மாப்பிள்ளை இறங்கினார். கால் மணி நேரத்தில் காற்று அடங்கியது. சிவப்புத் துணி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

"எங்கய்யா காத்து? பையில போட்டு வெச்சிருக்கியா?" என்றார் சூப்பர்வைசர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நாளைக்கு நீ வராத. வேற ஆள் கட்டுவான்."

நடந்துபோன விபத்துக்கு நூறு சாட்சி வரும். நடக்காமல் போனதற்கு யார் சாட்சி? நடந்திருக்கும் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. வேலை போனதை விட அவருக்கு வேறொரு கவலை. நாளைக்குக் கட்டப்போகிறவன் விளிம்பைத் தடவிப் பார்ப்பானா?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "மானமே போச்சு மாமா. உங்க காலத்துக் கயிறு மக்குன கயிறு, அறுந்துச்சு. இப்ப வர்ற கயித்துல லாரியவே கட்டி இழுக்கலாம். அப்புறம் என்னதான் பயம் உங்களுக்கு?" என்றார்.

அவர் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"அன்னிக்கும் நல்ல கயிறுதான் மாப்ள."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் குழாயை மூடினாள்.

"விளிம்புல புதுசா தகரம் அடிச்சிருந்தாங்க, ஓரம் பிளேடு மாதிரி. நான் தொட்டுப் பாக்கல. நேரமாச்சு. 'நீ பாத்துக்கப்பா'ன்னு மேல பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கம்பெனிக்காரங்க வந்து கேட்டப்ப, கயிறு மக்கிப்போச்சுன்னு சொல்லிட்டேன். கயிறு எடுத்துக் குடுத்த ஸ்டோர்காரருக்கு வேலை போச்சு. நடக்க முடிஞ்சதும் தேடிக்கிட்டுப் போனேன். வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல."

"அப்பா, இதை எங்கிட்டகூட..." என்று மகள் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடவுள் காப்பாத்திட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. காப்பாத்தினாரு, இல்லேங்கல. எதுக்கு என்னைப் போயி காப்பாத்தினேன்னு பதினாலு மாசம் படுத்துக்கிட்டே கேட்டேன். ஒரு பதிலும் வரல. கால்தான் போச்சு, கை ரெண்டும் நல்லா இருந்துச்சு. சரி, இதுதான் பதிலு போலன்னு எடுத்துக்கிட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போனார். பொய் சொன்னவன் என்று நினைத்துவிட்டாரோ? இனிமேல் மாமா என்று கூப்பிடுவாரோ மாட்டாரோ? அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

விடிந்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 'வராதே' என்று சொன்ன இடத்துக்குப் போனார். கட்டடத்தில் இன்னும் லிஃப்ட் ஓட ஆரம்பிக்கவில்லை. குட்டைக் காலை இழுத்து இழுத்துப் பன்னிரண்டு மாடி ஏறி, மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றுகொண்டார். கதவு விரலளவு திறந்திருந்தது.

கயிறு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. புது ஆள் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான். முடிச்சில் குறை சொல்ல முடியாது. ரப்பர் பட்டைகூடப் போட்டிருக்கிறான். விளிம்பு? இங்கிருந்து விளிம்பு தெரியவில்லை.

மாப்பிள்ளை இடுப்புப் பட்டையை இறுக்கியபடி வந்தார். கயிற்றுக்கு இரண்டடி முன்னால் நின்றார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்னய்யா, மாமனார் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு நிமிஷம் சார்."

மண்டி போட்டார். ரப்பர் பட்டையை நகர்த்திவிட்டு, உள்ளங்கையை விளிம்பில் வைத்து, பழக்கமில்லாத கையால் மெதுவாகத் தடவினார். ஓர் இடத்தில் கை நின்றது. திரும்பவும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார், ஒன்றும் இல்லை. இடுப்புச் சாவியை உருவி, அந்த இடத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

கதவுக்குப் பின்னால் இருந்தவரின் பையில் உப்புத்தாள் இருந்தது. எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பட்டையைச் சரியாக இழுத்துப் போட்டார். கண்ணை மூடினார், திறந்தார். சுவரைத் தாண்டி இறங்கினார். தலை மறைந்தது. இரண்டு கயிற்றில் ஒன்று முறுக்கேறி விறைத்தது.

கதவுக்கு இந்தப் பக்கம், வெறுங்காலோடு நின்றவரின் உள்ளங்கை கதவு நிலையின் விளிம்பில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.