பத்து என்றார்கள், அளந்தார்

சங்கிலியின் பித்தளை வளையங்களைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணியபடிதான் சுவிசேஷமுத்து மைதானத்துக்குள் வருவார். பத்து வந்ததும் நிற்பார். மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் தலை மட்டும் அசையும், எண்ணிக்கை கெடாது.

புனேயின் கோர்படியிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர். நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் நில அளவை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். இந்த ஆண்டு அந்தக் கல்லூரிக்குத் திடீரென்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி முளைத்தது. பெயர்தான் கால்பந்து, காலால் உதைப்பது எப்போதாவது. மற்ற நேரமெல்லாம் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், பத்துப் பேர் அவன்மேல் விழுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நான்கு முயற்சிக்குள் பத்து முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. பத்தை அளக்க ஒரு சங்கிலி வேண்டும். சங்கிலி என்றதும் கல்லூரியே முத்துவைக் கைகாட்டியது.

ஆய்வகத்தின் இருபது மீட்டர் சங்கிலி ஒன்றைப் பாதியாக வெட்டி, இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கழி கட்டினார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் அவரே, அதே சங்கிலியால். "நம்ம கோட்ட ஐகோர்ட்டுல கொண்டு வச்சாலும் நிக்கும், அண்ணாச்சி" என்பார்.

ஆட்டம் அவருக்குப் புரியாது. ஓரத்தில் கழியைப் பிடித்தபடி, குவியலுக்குள் தன் மகன் ஜேடனைத் தேடுவார். "எந்திச்சிட்டானா பாருங்க. எந்திச்சிட்டானா? ச்சலோ, போதும்."

வெளி மைதானங்களில் மூன்று ஆட்டம்; மூன்றும் வெற்றி. சொந்த மைதானத்தில் மூன்று, மூன்றும் தோல்வி. கடைசிக் கால்மணி நேரத்தில் நம் பையன்களுக்கு மூச்சு வாங்கிவிடும். விமான் நகர் ஐ.டி. இளைஞரான பயிற்சியாளர் மாதவ் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கான்டீனில் பாவோடு தரும் காரக் குழம்பு, மிசல். தடை போட்டார். அடுத்து வடா பாவுக்கும் தடை. தோல்வி நிற்கவில்லை, பட்டினிதான் மிச்சம்.

ஏழாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் அரையிறுதி, தோற்றால் அத்தோடு முடிந்தது. இடைவேளையில், சும்மா இருக்க மாட்டாமல், மாதவிடம் கேட்டேன்: "பத்து பத்துன்னு சொல்றீங்களே, பத்து என்ன?"

"கஜம் சார். வேற என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் ஓடிவிட்டார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முத்துவின் கை பாதியில் நின்றது.

"எங்கிட்ட பத்துன்னுதான சொன்னாவ." கீழே கிடந்த சங்கிலியைப் பார்த்து, "நம்ம சங்கிலி மீட்டருல்லா."

பத்து கஜத்தைவிட முக்கால் மீட்டருக்கும் மேலே நீளம். சொந்த மைதானத்தில், சீசன் முழுக்க. கோடு போட்டதும் அதே சங்கிலி என்பதால் மைதானமே நீண்டுபோயிருந்தது.

"ரெண்டு அணிக்கும் ஒரே சங்கிலிதானே, விடுங்க" என்றேன்.

"அப்போ தப்ப ரெண்டு பேருக்கும் சமமா பங்கு வச்சிருக்கேன்ங்கீங்க."

நம் பையன்களுக்கு மூச்சு வாங்கியது இதனால்தான் என்றால், வந்த அணிகளுக்கு ஏன் வாங்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நமக்கு மூன்று புள்ளி முன்னிலை. எதிரணியின் நான்காவது முயற்சி. குவியல் கலைந்ததும் நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார். முத்து போய் இழுத்துப் பிடித்தார். பந்து கழிக்கு நான்கு விரற்கடை பின்னால் கிடந்தது. பந்து நமக்கு என்று நடுவர் கையைக் காட்டினார்; இனி நேரத்தைக் கடத்தினாலே வெற்றி. மைதானம் அலறியது. கஜக் கணக்கில் அவர்கள் தாராளமாகத் தாண்டியிருந்தார்கள். அது அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஜேடன் ஹெல்மெட்டோடு ஓடிவந்து கட்டிக்கொண்டான். "டாடி, நாம ஜீத் கயா. செமிஃபைனல் போறது."

முத்து அவன் கைகளைக் கழுத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். "இதக் கொஞ்சம் புடில" என்று கழியை அவனிடம் கொடுத்தார். பிறகு, வகுப்பில் சந்தேகம் கேட்கிறவரைப் போல வலது கையை உயர்த்திக்கொண்டு, நடுவரை நோக்கி நடந்தார்.