பத்தாவதுக்குப் பிறகு வரும் குரல்

எங்கள் மாதா கோயில் தெருவில் செபமாலை சொல்லும்போது பியூலா அக்காவின் குரல் எங்கே வரும், எங்கே வராது என்பது எல்லோருக்கும் தெரியும். கர்த்தர் கற்பித்த செபத்துக்கு வரும். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியதும் நின்றுவிடும். பத்து முறை அதைச் சொல்லி முடித்து, தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் மாட்சிமை சொல்ல வேண்டிய இடத்தில், எல்லோருக்கும் முன்னால் எழுவது அவர் குரல்தான்.

அவர் சாத்தூர் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண்; அந்தச் சபையில் மாதாவிடம் வேண்டும் வழக்கமில்லை. அப்பா வேதமாணிக்கம் சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியாராக இருந்தவர். திருச்சுழிப் பக்கம் அங்கன்வாடி வேலை கிடைத்து வந்த பியூலா அக்கா, அங்கே அரிசி மூட்டை இறக்க வந்த லோடு வண்டி மிக்கேல் அண்ணனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, அப்பா ஒரே ஒரு வாக்குக் கேட்டார். "எந்தக் கோயில்ல வேணும்னாலும் உக்காரு. ஆனா மரியாளப் பாத்து மட்டும் செபம் பண்ணாத." அக்கா கொடுத்தார். மாமியார் சவரியம்மாளிடம் கல்யாணத்துக்கு முன்பே அதைச் சொல்லியும்விட்டார்.

"சரித்தா," என்றாராம் சவரியம்மாள். "ஒன் வாயி ஒனக்கு. வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்."

அப்படித்தான் அவர் உட்கார்ந்தார், இருபது வருடங்களுக்கு மேலாக. சும்மா இருக்கிற வாய்க்குப் பதிலாக விரல் வேலை செய்தது. அங்கன்வாடியில் பிள்ளைகளை எண்ணுகிற பழக்கத்தில், ஒவ்வொரு "அருள் நிறைந்த மரியே"வுக்கும் கட்டைவிரல் ஒரு ரேகை நகரும். யாரும் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. பின்னால் சவரியம்மாளுக்குச் சர்க்கரை முற்றி, விரல் நுனி மரத்துப்போய், செபமாலையின் மணி நகர்ந்ததா இல்லையா என்றே தெரியாமல் போனது. ஆனாலும் தெருவில் செபமாலை நடத்துவது அவர்தான். நடத்துகிறவரை நிறுத்தி "பத்து முடிந்துவிட்டது" என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. மருமகளின் குரல் வந்தால் அவர் நிறுத்திவிடுவார். அந்த ஏற்பாட்டில்தான் எங்கள் தெருவின் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

போன புரட்டாசியில் வேதமாணிக்கம் ஐயாவுக்கு மதுரையில் கண் ஆபரேசன் நடந்தது. மனைவி இறந்த பிறகு அவர் தனியாகத்தான் பொங்கிச் சாப்பிட்டார். அடுப்பில் சட்டி இருக்கிறது தெரியாமல் கை சுட்டுக்கொண்ட செய்தி வந்ததிலிருந்து பியூலா அக்காவுக்கு ஒரே நினைப்புதான்: அப்பாவை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவரோ, "கண்ணுக்கு மருந்து விடுற வரைக்கும் இருக்கேன். ஞாயித்துக்கிழமை போயிருவேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் மிக்கேல் அண்ணனின் வண்டியில் ஏறினார். அதுவரை மகள் வீட்டில் அவர் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

வந்த மறுநாளே சம்பந்திகள் இருவரும் தொடங்கிவிட்டார்கள்.

"அண்ணே, ஒங்க ஆப்ரேசன் நல்லபடியா முடியணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்," என்றார் சவரியம்மாள்.

"நேரா ஆண்டவர்கிட்டயே கேட்டிருக்கலாமே தங்கச்சி. நடுவுல எதுக்கு ஒரு ஆளு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒங்க போதகர்கிட்ட செபம் பண்ணச் சொன்னீகளா இல்லையா?"

"சொன்னேன்."

"அவரு நடுவுல ஒரு ஆளு இல்லையாக்கும்?"

"அவரு உசுரோட இருக்காரு."

"அவுகளும் உசுரோடதான் இருக்காக," என்று சுவரிலிருந்த மாதா படத்தைக் காட்டினார் சவரியம்மாள்.

"மரியாள் பாக்கியவதி. நான் இல்லைங்கல. ஆனா மனுசி. கும்பிடுறது ஒருத்தருக்குத்தான்."

"கும்பிடுறது யாரு? பெத்தவளுக்கு மரியாத பண்ணுறோம்."

"மரியாதைக்கு எதுக்கு மெழுகுவத்தியும் பட்டுச்சேலையும்?"

"ஒங்க வீட்டம்மா போட்டோவுக்கு நீங்க மால போடலையா?"

"போடல."

சவரியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. "ஒரு பூ கூடவா?" என்று கேட்டார். ஐயா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுப்படியில் நின்ற பியூலா அக்கா கரண்டியை வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏனென்றால், அக்டோபர் மாதம் பிறந்துவிட்டது. மாதா சுரூபம், அதாவது கோயில் சிலை, நாளுக்கொரு வீடாக வரும் மாதம். அந்த வாரமே அவர்கள் வீட்டு முறை.

"சம்பந்தி இருக்கும்போது சங்கடம்னா, மாதாவ அடுத்த வீட்டுக்கு விட்டுருவோமா?" என்று சவரியம்மாளே கேட்டார். வருடத்துக்கு ஒரு முறை வருகிற சுரூபத்தை விட்டுக்கொடுக்க அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது சின்ன விசயமில்லை.

அக்கா யோசித்துவிட்டு, "வேணாம் அத்தை. வரட்டும்," என்றார். "அப்பா இங்கயே இருக்கணும்னா இங்க நடக்குறது தெரிஞ்சுதான் இருக்கணும். மறைச்சு எத்தன நாளைக்கு வச்சுக்கிற முடியும்?"

சொல்லிவிட்டாரே தவிர, அப்பா அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவார் என்றுதான் நினைத்தார். ஐயா விசயத்தைக் கேட்டதும் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "சிலை உள்ள வந்தா நான் வெளிய."

வெளியே உட்கார இடம்? அக்கம்பக்கம் முழுக்கக் கருவேல மரத்தைக் கரியாக்கும் மூட்டங்களின் புகை. கண்ணில் புகையும் தூசியும் படக்கூடாது. கடைசியில் மிக்கேல் அண்ணன் வாசலில் நின்ற லோடு வண்டியின் முன்சீட்டைத் துடைத்து, மாமனாரை ஏற்றிக் கதவைச் சாத்தினார். சாயந்தரம் பாட்டோடு மாதாவைத் தூக்கிக்கொண்டு தெரு வந்தபோது, வண்டிக்குள் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக ஐயா நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சன்னல் முழுக்க ஏறியிருந்தது.

"டிரைவரு ரெடி, வண்டிதான் கெளம்பல," என்று என் காதோரம் கிசுகிசுத்தார் பக்கத்து வீட்டு முருகலட்சுமி. அவர்கள் வீட்டில் கும்பிடுவது காளியம்மனை. ஆனாலும் அக்டோபர் முழுக்கச் செபமாலைக்கு வருவார். "எங்களுக்கு எல்லாரும் வேணும். ஒங்களுக்குள்ளதான் பஞ்சாயத்து," என்பார்.

செபம் தொடங்கியது. மொத்தம் ஐந்து பத்து. வாசல் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் வெளியிலிருந்த எனக்கு வண்டி நன்றாகத் தெரிந்தது. முதல் பத்து முடிந்து பியூலா அக்காவின் குரல் எழுந்தபோது சன்னல் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் பத்தில் பாதிக்கு வந்தது. மூன்றாம் பத்தில் முழுக்க இறங்கி, ஐயாவின் காது வெளியே வந்தது.

நாலாம் பத்து நடக்கும்போது அடுப்படியிலிருந்து கருகல் வாடை வந்தது. வந்தவர்களுக்காக வைத்திருந்த கடலைச் சுண்டல். பியூலா அக்கா சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போனார்.

சவரியம்மாள் கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் பதில் சொல்லிக்கொண்டே போனோம். பத்து முடிந்தது. குரல் வரவில்லை. அவர் இன்னொன்று தொடங்கினார். பிறகு இன்னொன்று. கையில் செபமாலை வைத்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சவரியம்மாள் புருவம் சுருங்கியது. தான் எங்கேயோ தடம் மாறிவிட்டது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த இடம் தெரியவில்லை. இன்னொன்று தொடங்கினார்.

அடுப்படியில் சுடு சட்டியை இறக்கிக்கொண்டிருந்த அக்கா, அங்கிருந்தே குரல் கொடுக்க வாயெடுத்த நேரம், வாசலிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"பிதாவுக்கும், குமாரனுக்கும், பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக!"

மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுப் பழகிய உபதேசியார் குரல். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பழக்கம் வென்றது. பெண்கள் தங்களுக்குத் தெரிந்த சொற்களில் பதிலைச் சொன்னார்கள். ஐயா தனக்குத் தெரிந்த சொற்களில் மிச்சத்தை முடித்தார். இரண்டும் வேறுவேறு வழியில் போய் "ஆமென்" என்ற இடத்தில் ஒன்றாக வந்து நின்றன.

"யாருத்தா அது?" என்றார் சவரியம்மாள், கண்ணைத் திறந்து.

"ஒங்க சம்பந்திதான் பெரியம்மா. வண்டிக்குள்ளருந்து," என்றார் முருகலட்சுமி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள். சவரியம்மாள் சிரிக்கவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பத்துக்குப் போனார்.

அக்கா வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். ஐந்தாம் பத்து முடிந்ததும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரலும் வண்டியிலிருந்து ஒரு குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன.

கூட்டம் கலைந்ததும் சவரியம்மாள் தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். அக்கா பின்னாலேயே போய் நின்றார்.

"எண்ணிக்கிட்டா இருந்தீக அண்ணே?"

"நான் மரியாளக் கும்பிடல," என்றார் ஐயா அவசரமாக. "கணக்குத் தப்பிப் போச்சு. நிறுத்த ஆளில்ல. எடுத்துக் குடுத்தேன்."

"அதுதான் எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேக்குறேன்."

ஐயா சற்று நேரம் ஸ்டியரிங்கைத் தடவினார். "மரியாளச் சொல்லும்போது எம்மக குரலும் வருதான்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டிருந்தேன். கேக்கக் கேக்க எண்ணிக்கையும் கூடவே வந்துருச்சு."

"வந்துச்சா, அவ குரலு?"

"வரல."

"இத்தன வருசத்துல ஒரு நாளும் வரல," என்றார் சவரியம்மாள். "நானும் சொல்லுன்னு கேக்கல. அவ எண்ணிக் குடுக்கலேன்னா இந்தத் தெருவுல எனக்கு என்ன மரியாத இருக்கும்? இன்னைக்குப் பாத்தீகள்ல."

ஐயா கண்ணாடியைக் கழற்றப் போனார். "கழட்டாதீக அப்பா, தூசி," என்றார் அக்கா. ஐயா கையை இறக்கிவிட்டு, மகள் நின்ற பக்கமாகத் தலையை மட்டும் திருப்பினார்.

"தட்டுல என்னது?"

"சுண்டல்."

"சிலைக்கு முன்னாடி வச்சதா?"

"அடுப்புலருந்து நேரா வருது. அடிப்பிடிச்சிருக்கு," என்றார் சவரியம்மாள். "அதுக்கும் சேத்து செபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்க."

அவர் தலை குனிந்து சுருக்கமாக ஒரு செபம் செய்தார். பிறகு சாப்பிட்டார். அடிப்பிடித்ததையும் மிச்சம் வைக்கவில்லை.

உள்ளே போக வேண்டிய நேரம் வந்தது. அவர் கட்டிலுக்குப் போகும் வழியில்தான் மாதா நின்றுகொண்டிருந்தார், மெழுகுவர்த்திகளுக்கு நடுவில், நீலப் பட்டு உடுத்தி. அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வாசற்படியில் ஐயா நின்றார். "இந்தக் கண்ணாடியில எனக்கு ஒண்ணுமே தெரியல," என்று பொதுவாக அறிவித்துவிட்டு, மெழுகுவர்த்தியில் வேட்டி படாமல் ஒதுங்கி, சரியாக நடந்து போனார்.

கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டார். "ஏம்மா, அருப்புக்கோட்டையில நம்ம சபை இருக்கில்ல? ஞாயித்துக்கிழமை ஆராதனை எத்தன மணிக்கு?"

மிக்கேல் அண்ணன்தான், "எத்தன மணியா இருந்தா என்ன மாமா, நான் வண்டியில கொண்டுபோய் விடுறேன்," என்றார்.

"அப்ப அந்த முன்சீட்ட நல்லா தொடைச்சு வையி. சட்டையெல்லாம் கரி."

பியூலா அக்கா அடுப்படிக்குப் போய் கருகிய சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தார். உதவிக்குப் போன என்னைப் பார்த்து, "நீ போத்தா, நானே தேய்க்கிறேன்," என்றார். கண்ணைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் கரி அப்பியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஐயா இங்கேதான் இருக்கிறார். சம்பந்திகள் வாதாடாத சாயந்தரம் இல்லை. பட்டுச்சேலை விசயம் இன்னும் தீரவில்லை. செபமாலை நேரத்தில் அவர் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சன்னலை மட்டும் ஏற்றுவதில்லை.