கோல்ஃப் மைதானத்தில் ஊன்றிய கோரை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம் துரைமார் பந்தாட ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. நான் அங்கே கூலியாள். சிற்றாற்றுக் கரையிலிருந்து அருகம்புல்லைப் பற்றை பற்றையாகப் பெயர்த்து வந்து, ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பாய் விரித்ததுபோல் வளர்த்தவன் நான்தான். மூன்று வருஷப் பாடு.

பழைய மேஸ்திரி வேலையை விட்டதும் அந்த இடம் எனக்குத்தான் என்றிருந்தேன். காக்கிக் கோட்டு, மைதானத்து மூலையில் ஓட்டு வீடு, துரைமார் போன பிறகு நாமும் நாலு பந்து அடித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் ஓர் உத்தியோகத்துக்கு நான் ஆசைப்பட்டதில்லை.

ஒருநாள் மைதானத்துக்குப் பொறுப்பான துரை என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற, கணக்கெழுதும் ரைட்டர் தமிழில் சொன்னார்:

"ஏலே, உனக்கு ஊர்ல வயல் வேலை இருக்கான்னு தொரை கேக்குதாரு."

"ஆமா அண்ணாச்சி, குத்துக்கல்வலசையில ரெண்டு வயல் கெடக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

ரைட்டர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் ரைட்டரின் மைத்துனன் காக்கிக் கோட்டோடு வந்து நின்றான்.

துரையின் சமையல்காரர்தான் விஷயத்தை உடைத்தார். "நான் டீத் தட்டோட அங்கனதான நின்னேன். மேஸ்திரி வேலை பாக்கியான்னுல்லா தொரை கேட்டாரு! வயல் வேலை கெடக்கு, எனக்கு வேண்டாம்னு நீ சொன்னதா ரைட்டர் சொல்லிட்டாருப்பா."

எனக்கு அழுகை வரவில்லை. நேரே என் வயலுக்குப் போனேன். அங்கே அறுக்க அறுக்கக் கிழங்கிலிருந்து முளைக்கிற கோரை மண்டிக் கிடந்தது. கிழங்கைத் தோண்டி மடியில் கட்டிக்கொண்டேன். மறுநாள் பட்டப்பகலில், புது மேஸ்திரி குடைபிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, களை எடுக்கிற சாக்கில் நானே வளர்த்த புல்லுக்குள் அவற்றை ஊன்றினேன். ஒரு மாதம் விடாமல் ஊன்றினேன்.

சாரல் விழுந்ததும் கோரை ஈட்டி ஈட்டியாகக் கிளம்பியது. மேஸ்திரி அதை அரிவாளால் அறுக்கச் சொன்னான். அறுத்தேன். மொட்டைக் கட்டை இன்னும் விறைத்து நின்றது. துரைமார் கூடி ஆடிய பந்தயத்தன்று துரை மெல்லத் தட்டிய பந்து குழியருகே போய், கோரைக் கட்டையில் இடித்து, வேறு பக்கம் ஓடியது. கூடியிருந்த துரைமார் சிரித்தார்கள். அன்றைக்கே மைத்துனன் கோட்டைக் கழற்றினான்.

மறுபடியும் துரை என்னைக் கூப்பிட்டார். ரைட்டர் வாயைத் திறக்குமுன், சமையல்காரரிடம் படித்து வைத்திருந்ததை நானே சொன்னேன்:

"ஐ வான்ட் மேஸ்திரி ஜாப், சார். லாஸ்ட் டைம் ஆல்ஸோ வான்ட்."

துரை திரும்பி ரைட்டரை ஒரு பார்வை பார்த்தார். ரைட்டரின் வேலை போகவில்லை; முகம்தான் செத்துப்போனது.

அந்தக் கோரையை ஒழிக்க எனக்கு இரண்டு வருஷமாயிற்று. தோண்டிய கிழங்கையெல்லாம் தினமும் ரைட்டர் அறை வாசலில்தான் காயப்போட்டேன்.  அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டித் தாண்டிப் போவார். நான் நின்று பார்ப்பேன்.